ஒளித்து வைத்த வரி

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், வெப் பக்கங்களைப் படிக்கிற வேலை என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்களும், உட்கார்ந்த இடத்தில் படித்துக்கொண்டே இருக்கிறாள், கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். உள்ளபடிக்கு அவள் ஒரு பக்கத்தையும் படிப்பதில்லை. படிப்பதெல்லாம் ஸ்கிரிப்ட் என்கிற சின்னக் கம்ப்யூட்டர் நிரல். அந்த ஸ்கிரிப்டுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. இந்தப் பக்கத்தில் இந்தப் பெட்டியைப் பிடி, அதற்குள் இரண்டாவது வரியைப் பிடி, அதில் இருக்கிற எழுத்தை அப்படியே அள்ளிக்கொண்டு வா. ஸ்கிரிப்டும் சொன்ன சொல் தட்டாமல் அள்ளிக்கொண்டு வரும். வந்தது விலையா, விலாசமா, வெறும் குப்பையா என்று அதற்கு என்ன கவலை?

கவலைப்படுவதற்குத்தான் அவளை வைத்திருந்தார்கள். ஆன்லைனில் விற்கிற கடைக்காரர்கள் தங்கள் பக்கங்களை நினைத்த நேரத்தில் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நேற்று இடது பக்கம் இருந்த விலை இன்று வலது பக்கம் போயிருக்கும். பெட்டியின் பெயர் மாறியிருக்கும். ஒரு பெட்டி இருந்த இடத்தில் மூன்று முளைத்திருக்கும். ஸ்கிரிப்ட் திருதிருவென்று விழித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வரும். அவள் மறுபடியும் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் போட்டு, பெட்டியைத் தேடிப் பிடித்து, இதுதான் என்று காட்ட வேண்டும். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அடுத்த பாத்திரம் வந்து விழுகிற மாதிரி, தீராத வேலை. கம்ப்யூட்டர் படிப்பைப் படித்தபோது இருந்த ஆசையெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது கழுத்து வலி மட்டும்தான்.

அலுவலகம் என்பது ஒரு மாடியில் திறக்க முடியாத ஜன்னல்கள் வைத்த நீளமான அறை. அவளுக்கு மேலே இருந்த குழுத் தலைவருக்கு உலகத்தில் எல்லாமே அவசரம். "கொஞ்சம் அவசரம்" என்று தொடங்காமல் மனிதருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது. அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு அவசரம் என்றே பெயர். பக்கத்து நாற்காலிக்காரருக்குப் புலம்பல் என்று பெயர். ஏசி குளிர்ந்தாலும் புலம்புவார், குளிராவிட்டாலும் புலம்புவார். வேலை வந்தால் உயிரை வாங்குகிறார்கள் என்பார். வராவிட்டால் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்பார். ஆனால் உதவி என்று கேட்டால் புலம்பிக்கொண்டே கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்காருகிற ஆள்.

வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். காதோரம் நரைத்துவிட்ட பாப்பா. அண்ணன் கல்யாணமாகித் தொலைதூரம் போய்விட்டான். அங்கிருந்து வாரம் தவறாமல் ஃபோனில் யோசனை சொல்வான். யோசனையைச் செயலாக்குகிற பொறுப்பு பாப்பாவுடையது.

அப்பா துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தவர். கைக்குட்டை வாங்க வந்தவரை ஒரு மூட்டைத் துணியோடு அனுப்பி வைக்கிற வாய் அவருக்கு. வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. சாப்பிடும்போதாவது கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம் என்றார்கள். காலும் கையும் மெல்ல மெல்ல ஓரளவுக்குத் திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை. அத்தனை பேச்சிலும் ஒரே ஒரு சொல்தான் தங்கியது: "வாங்க."

ஆயுள் முழுக்கக் கடை வாசலில் நின்று சொன்ன சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் வாங்க. மின்விசிறியை நிறுத்த வேண்டுமென்றாலும் வாங்க. பார்க்க வந்த உறவுக்காரர்கள் எழுந்து கிளம்பும்போதும் வாங்க. அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்ததை நினைத்து உடனே சங்கடப்பட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு எல்லாம் புரிந்தது. தான் சொல்ல நினைத்தது வேறு, வாயில் வந்தது வேறு என்பதும் புரிந்தது. அதுதான் கொடுமை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். "பேச்சு அழிஞ்சு போயிடலை. வர்ற வழி அடைபட்டிருக்கு. முதல் சில மாசம்தான் முக்கியம். அதுக்குள்ள பேச்சுப் பயிற்சி ஆரம்பிச்சா நிறையவே திரும்பி வரும். தள்ளிப் போகப் போகக் கஷ்டம்."

அந்தப் பயிற்சியை ஒழுங்காகக் கொடுக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பயிற்சி மையம். இடம் காலியானால் அவர்கள் தங்கள் வெப் பக்கத்தில் அறிவிப்பார்கள். அங்கேயே பதிவு செய்ய வேண்டும். அவள் திறந்து பார்த்த அன்று பக்கத்தின் நடுவில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது: தற்போது இடம் இல்லை.

"நான் வேணா நேர்ல போய்க் கேட்டுட்டு வரவா பாப்பா?" என்றாள் அம்மா. "ஒரு ஓரமா உட்கார்ந்திருந்தா யாராவது இரக்கப்பட மாட்டாங்களா?"

"இந்தக் காலத்துல யாரும்மா போய்க் காவல் கிடப்பாங்க? எல்லாம் அந்தப் பக்கத்துலதான் போடுவாங்க. நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்வதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். அவளுக்கு அது பெரிய வேலையே இல்லை. பக்கத்தின் நடுவில் நிலவரம் என்று பெயர் வைத்த ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைப் பிடி. அதற்குள் இருக்கிற எழுத்து முழுவதையும் எடு. அதில் 'இடம் இல்லை' என்று இருந்தால் சும்மா இரு, காலையில் மட்டும், பார்த்தாச்சு என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பு. இல்லாவிட்டால் மணி அடி, என் ஃபோனுக்கும் செய்தி அனுப்பு. ஹாலில் அப்பாவின் நாற்காலிக்கு எதிரே மேசை மேல் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். பக்கம் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், ஸ்கிரிப்ட் எட்டிப் பார்க்கும். ஓட்டிப் பார்த்தாள். 'தற்போது இடம் இல்லை' என்று சரியாகப் படித்து, சொன்னபடி சும்மா இருந்தது. திருப்தியாக எழுந்துகொண்டாள்.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கும்மா இது. தூங்காது, சலிச்சுக்காது. இடம் வந்தா மணி அடிக்கும். நீ எங்கேயும் அலைய வேண்டாம்."

அம்மாவுக்கு அந்த மெஷின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. தினமும் காலையில் ஈரத்துணியால் மேசையைத் துடைத்துவிட்டு, காய்ந்த துணியால் திரையையும் துடைத்து வைப்பாள்.

அதற்குப் பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. எல்லா நாளும் ஒரே நாள். விடிந்ததும் அப்பாவை எழுப்பிக் குளிப்பாட்ட வேண்டும். சட்டை மாட்டும்போது பலமில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும். மறந்தால் இரண்டு பேருக்கும் வலிக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே போகும்போது ஸ்கிரிப்ட் அனுப்பிய செய்தியைப் பார்ப்பாள்: பார்த்தாச்சு, இடம் இல்லை. ஸ்கிரிப்ட் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால் போதும், ஃபோனைப் பைக்குள் போட்டுவிடுவாள். பிறகு அவசரம். பிறகு பெட்டிகள். சாயங்காலம் மறுபடி பஸ். வீட்டுக்கு வந்ததும் ஹாலில்தான் உட்காருவாள், ஆனால் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டித்தான். பகல் முழுக்கத் திரையைப் பார்த்துச் சிவந்த கண்ணுக்கு இங்கேயும் ஒரு திரையா என்று இருக்கும்.

"இன்னிக்கு ஏதாவது தெரிஞ்சுதா பாப்பா?" என்று அம்மா காபியோடு வருவாள்.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

ஆரம்பத்தில் இப்படித்தான் பதில் சொன்னாள். போகப் போக, "வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதம்மா" என்று ஆயிற்று. ஒரு நாள் அவசரம் அவளை எல்லோர் முன்னாலும் வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டிருந்தார். அன்று அம்மா வாயெடுத்ததும், "மூச்சுக்கு முந்நூறு தடவை கேட்டா இடம் வந்துடுமா? மணி அடிச்சா உன் காதுலதானே முதல்ல விழும்? அதுவரைக்கும் என்னை விடேன்!" என்று கத்திவிட்டாள். அப்பா நாற்காலியில் நெளிந்து, "வாங்க, வாங்க" என்றார். சமாதானம் செய்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும்: நிம்மதியாகத்தான் இருந்தது.

நிம்மதி இல்லாத விஷயம் வேறொன்று. முதலில் எல்லாம் அப்பா ஒரு சொல்லுக்காக முகமெல்லாம் சிவக்கப் போராடுவார். உதடு குவியும், கழுத்து நரம்பு புடைக்கும், கடைசியில் 'வாங்க' வந்து விழும், கையை உதறிவிட்டு மறுபடி முயல்வார். வரவர அந்த முயற்சி குறைந்தது. பிறகு தலையை மட்டும் ஆட்டினார். மாதங்கள் நழுவிக்கொண்டிருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் பஸ்ஸில் அந்தச் செய்தியைப் பார்க்கும்போது, என்ன செய்வது, இடம் இல்லையே என்று தன்னையே தேற்றிக்கொள்வாள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் மதியம் அவசரம் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"கொஞ்சம் அவசரம். அந்தச் செருப்புக் கம்பெனிக்காரங்க கத்தறாங்க. அவங்க சரக்கு எந்தெந்தக் கடையில இருக்குன்னு நாம அனுப்பின அறிக்கையில, ஒரு கடையில எந்தச் செருப்புமே கையிருப்பு இல்லைன்னு இருக்காம். அவங்க ஆள் போய்ப் பார்த்தா, மலை மாதிரி குவிஞ்சு கிடக்காம். என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

ஸ்கிரிப்டை எழுதியவள் அவள்தான். திறந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. ஒவ்வொரு செருப்பின் பெட்டியையும் பிடித்து, உள்ளே இருக்கிற எழுத்தை எடுத்து, 'கையிருப்பு இல்லை' என்று இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தது. எல்லாப் பெட்டியிலும் இருந்தது.

"எனக்கு நேரமே சரியில்லை," என்று புலம்பிக்கொண்டே புலம்பல் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். "என் வேலையே தலைக்கு மேல கிடக்கு. சரி, தள்ளுங்க, பார்க்கலாம்."

அவர் ஸ்கிரிப்டைப் பார்க்கவில்லை. முதலில் கடையின் பக்கத்தைத் திறந்து சும்மா பார்த்தார். செருப்புப் படம், கீழே 'கையிருப்பு உள்ளது'. அடுத்த செருப்பு, அதுவும் 'உள்ளது'. கண்ணுக்கு ஒரு 'இல்லை'கூடத் தெரியவில்லை. பிறகு பக்கத்தின் உள்கட்டை, பின்னால் மறைந்திருக்கும் நிரல் வரிகளை, விரித்துப் போட்டார். இரண்டு பேரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"அட, இவனுங்களை என்ன சொல்றது!" என்றார் புலம்பல். "பாருங்க, ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு வரியும் இருக்கு. உள்ளதும் இருக்கு, இல்லையும் இருக்கு. எது நிஜமோ அதைக் காட்டிட்டு இன்னொண்ணைக் கண்ணுக்குத் தெரியாம மறைச்சு வச்சிருக்கான். நம்ம ஸ்கிரிப்டுக்குக் கண்ணா இருக்கு? மறைச்சதையும் சேர்த்துப் படிச்சுட்டு வந்து நிக்குது."

"மறைச்சதை விட்டுட்டு, தெரியற வரியை மட்டும் எடுன்னு சொல்லணும்," என்றாள்.

"அதேதான். ஒரு சொல் மாத்தினா முடிஞ்சுது. நீங்க எழுதினப்போ சோதிச்சுப் பார்க்கலையா?"

"பார்த்தேனே. அன்னிக்கு எடுத்துப் பார்த்த செருப்பு நிஜமாவே கையிருப்புல இல்லை. இல்லைன்னு படிச்சுது. சரியா இருக்குன்னு விட்டுட்டேன்."

"இல்லைங்கறதை மட்டும் சோதிச்சா எப்படி? இருக்கறப்போ இருக்குன்னு சொல்லுதான்னு யார் பார்க்கறது?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, தன் தலைவிதியைப் பற்றிப் பேசியபடியே போய்விட்டார். அவள் அந்த ஒரு சொல்லை மாற்றினாள். ஓட்டினாள். செருப்புகளெல்லாம் வரிசையாக 'உள்ளது, உள்ளது' என்று வந்து விழுந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தூக்கி வாரிப் போட்டது.

வீட்டு ஸ்கிரிப்டும் அதே கைதான் எழுதியது. பெட்டியைப் பிடி, உள்ளே இருக்கிற எழுத்து முழுவதையும் எடு. அன்றும் சோதித்தாள். அன்றும் பக்கத்தில் இருந்தது 'இல்லை'தான்.

மையத்தின் பக்கத்தைத் திறக்கக் கை வரவில்லை. பிறகு திறந்தாள். நடுவில் பச்சை எழுத்தில் ஒரு வரி: இடம் உள்ளது, பதிவு செய்யவும்.

உள்கட்டை விரித்துப் பார்த்தாள். பச்சை வரிக்குக் கீழே, அதே பெட்டிக்குள், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகொண்டு, பழைய சிவப்பு வரி அப்படியே இருந்தது. அதைத்தான் ஸ்கிரிப்ட் சலிக்காமல், தூங்காமல், ஒவ்வொரு தடவையும் படித்துவிட்டு வந்து அவளிடம் சொல்லியிருக்கிறது. பதிவு செய்தாள். அப்பாவின் வயதைத் தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டாள். படிக்கட்டுப் பக்கம் போய் நின்று மையத்துக்கு ஃபோன் செய்தாள்.

எடுத்த பெண்ணின் குரலில் எந்த அவசரமும் இல்லை. "பதிவு வந்துடுச்சும்மா. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க."

"இந்த இடம்... எப்போலேர்ந்து காலியா இருக்கு?"

"இதுவா? கொஞ்ச மாசம் முன்னாடி புதுசா ரெண்டு பேர் பயிற்சி கொடுக்க வந்தாங்க. அதுலேர்ந்து இடம் இருந்துக்கிட்டேதான் இருக்கு. ஏம்மா?"

"ஒண்ணும் இல்லை," என்றாள்.

அவசரத்திடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பொய் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். மறைந்த வரி, தெரியும் வரி என்று விளக்கலாம். கடைக்காரன்கூட அப்படித்தான் எழுதியிருந்தான், பெரிய பெரிய ஆட்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் நேரில் போய்க் கேட்கிறேன் என்ற அம்மாவை உட்கார வைத்தது எந்த வரி?

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். அம்மா உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இடம் கிடைச்சிடுச்சும்மா. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

அம்மா மடித்துக்கொண்டிருந்த துண்டோடு எழுந்து நின்றாள். அவள் கண் முதலில் மேசை மேலிருந்த கம்ப்யூட்டருக்குப் போனது. "மணி அடிக்கலையே?"

"ஆபீஸ்லேயே பார்த்துட்டேன். அதுக்குள்ள நானே பதிவு பண்ணிட்டேன்."

"அப்படியா," என்றாள் அம்மா. கையிலிருந்த துண்டை இன்னொரு மடிப்பு மடித்தாள். பிறகு அப்பாவை எழுப்பினாள். "இந்தாங்க, கேட்டீங்களா? நம்ம பாப்பா இடம் வாங்கிட்டா!" அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். "அவ மட்டும் இல்லைன்னா என்னடா பண்ணியிருப்போம்? அந்த மெஷினை வச்சுக்கிட்டுக் காத்துக் கிடந்தாடா." அண்ணன் அவளிடம் பேச வேண்டும் என்றான். "சபாஷ் பாப்பா," என்றான். அவள் "சரிண்ணா, சரிண்ணா" என்று சொல்லிவிட்டு வைத்தாள். நன்றாகத் திட்டு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலை அப்பாவுக்கு இஸ்திரி போட்ட சட்டை. கடைக்குப் போகிறவர் மாதிரி தலையை ஒரு பக்கமாக வாரிவிட்டிருந்தாள் அம்மா. மையம் சின்னதுதான். சுவரெல்லாம் படங்கள்: கோப்பை, சாவி, குடை, நாற்காலி. பயிற்சி கொடுக்கிற பெண் சின்ன வயசு, நிதானமான முகம். அப்பாவிடம் குனிந்து, "வணக்கம் ஐயா," என்றாள்.

"வாங்க," என்றார் அப்பா.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "வந்துட்டேன்," என்று சொல்லி எதிரில் உட்கார்ந்தாள். படங்களைக் காட்டினாள். உதட்டைக் குவிக்கச் சொன்னாள், ஊதச் சொன்னாள். சாவி எது என்று கேட்டபோது அப்பா சரியாகத் தொட்டுக் காட்டினார். சாவி என்று சொல்லச் சொன்னபோது கொஞ்சம் முயன்றார், பிறகு விட்டுவிட்டார். அந்தப் பெண் ஏதோ குறித்துக்கொண்டு இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"நல்லாப் புரிஞ்சுக்கறார். அது பெரிய விஷயம். ஆனா ரொம்பத் தாமதமா வந்திருக்கீங்கம்மா. அவரே முயற்சி பண்றதை நிறுத்திட்டார். முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"இடம் இல்லைம்மா," என்றாள் அம்மா. "எங்க பொண்ணு தினமும் பார்த்துக்கிட்டேதான் இருந்தா. இடமே வரலை."

"இல்லையேம்மா, இடம் இருந்துதே. பக்கத்துலகூடப் போட்டிருந்தோமே?"

அம்மா மகளைப் பார்த்தாள். நேற்று பஸ்ஸில் தயார் செய்து வைத்த விளக்கம் எதுவும் அங்கே எடுபடாது என்று மகளுக்குத் தெரிந்தது.

"இடம் இருந்துதும்மா," என்றாள். "நான் எழுதின ஸ்கிரிப்ட் தப்பாப் படிச்சுது. இல்லை, இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்துது. நான் ஒரு தடவைகூடப் பக்கத்தைத் திறந்து பார்க்கலை. நேத்துதான் தெரிஞ்சுது. நேத்தே உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி கொடுக்கிற பெண் சங்கடத்தோடு, "பரவாயில்லை, இப்பவாவது வந்தீங்களே. கொஞ்ச நேரம் நானும் ஐயாவும் தனியா உட்கார்ந்து பார்க்கறோம். நீங்க வெளியில இருங்க," என்றாள்.

வெளியே நடையில் ஒரு நீள பெஞ்சு. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அம்மா திட்டுவாள், இல்லை அழுவாள் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் நடக்கவில்லை. அம்மா கையில் இருந்த பையின் காதைத் திருகித் திருகிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பச்சையாதான் இருந்துச்சு பாப்பா," என்றாள் கடைசியில்.

"என்னது?"

"அந்த எழுத்து. முதல்ல சிவப்பா இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் துடைக்கறப்போ பார்த்தேன், பச்சையா மாறியிருந்துச்சு. இடம் உள்ளதுன்னு போட்டிருந்துச்சு. உங்கப்பாவும் பார்த்தார், கையை நீட்டி நீட்டிக் காட்டினார். மணி அடிக்கும்னு ரெண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தோம். அடிக்கலை. மறுநாளும் பச்சையாவேதான் இருந்துச்சு. சரி, இதுல நமக்குப் புரியாதது ஏதோ இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

"ஏம்மா," என்றாள், "ஏன் என்கிட்ட சொல்லலை?"

அம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "கத்தாத பாப்பா, உள்ள அப்பாவுக்குக் கேட்கும்."

அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டிருந்தாள். அம்மாவுக்குத்தான் அப்படிக் கேட்டிருக்கிறது, அல்லது கேட்கப்போகிறது என்று உடம்பு முந்திக்கொண்டிருக்கிறது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பயம். ஸ்கிரிப்டின் மேலும் இல்லை, மையத்தின் மேலும் இல்லை. பெற்ற பெண் மேல் பயம்.

"நீ வர்றப்பவே களைச்சுப் போய் வர்றே," என்றாள் அம்மா, ஏதோ தன் மேல்தான் தப்பு என்பதுபோல. "கேட்டா எரிஞ்சு விழுவியோன்னு இருக்கும். இன்னிக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம்னு வாய் வரைக்கும் வரும். உங்கப்பா வேற வேண்டாம்னு தலையை ஆட்டுவார். அவளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. ஒரு சொல்லை மாற்றினால் சரியாகிவிடுகிற தப்பு என்றுதான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். ஹாலில் இரண்டு பேர் பச்சை எழுத்தைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, அவள் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருந்த சாயங்காலங்களை எதைக் கொண்டு சரிசெய்வது? அம்மாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்கும் அம்மா, ஐயோ விடு பாப்பா என்றுதான் சொல்வாள் என்று தோன்றியது.

"இப்ப கேளும்மா," என்றாள். "என்ன வேணும்னாலும் கேளு. நான் கத்த மாட்டேன்."

அம்மா உடனே கேட்கவில்லை. கேட்கலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. மூடியிருந்த கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அப்பாவுக்குப் பேச்சு வந்துடுமா பாப்பா?"

எந்தக் கேள்விக்கும் 'நான் பார்த்துக்கறேன்' என்று சொல்லியே பழகியவள். அதுவே வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"தெரியலைம்மா," என்றாள்.